பாறைக்குள் தண்ணீரை இறக்கினால் மின்சாரம்: அமெரிக்காவில் உற்சாகம், தென்கொரியாவில் வழக்கு... ஏன்?

தென்கொரியாவின் கல்லூரி நுழைவுத் தேர்வு, நம்ம ஊர் பிளஸ் டூவையும் நீட்டையும் சேர்த்து ஒரே நாளில் வைத்தது மாதிரி. ஆங்கிலத்தைக் காதால் கேட்டு விடை எழுதும் பகுதி நடக்கும்போது நாடு முழுக்க விமானங்கள்கூட ஏறாது, இறங்காது. அப்படிப்பட்ட தேர்வை 2017-ல் ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள். தேர்வுக்கு முந்தின நாள், நவம்பர் 15 மதியம், போஹாங் என்ற துறைமுக நகரத்தை 5.4 அளவிலான நிலநடுக்கம் உலுக்கியதுதான் காரணம். சுவர்கள் சரிந்தன, தூண்கள் பிளந்தன, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு வெளியேறி உள்விளையாட்டு அரங்கிலும் முகாம்களிலும் தங்கினார்கள். சுமார் 6 லட்சம் மாணவர்கள் புத்தகத்தை மறுபடி திறந்தார்கள்.

இயற்கைச் சீற்றம் என்றுதான் முதலில் பெரும்பாலானோர் நினைத்தார்கள். அரசு அமைத்த ஆய்வுக் குழு 2019 மார்ச்சில் வேறு முடிவைச் சொன்னது. நகரத்துக்குப் பக்கத்தில் நடந்துகொண்டிருந்த ஒரு புவிவெப்ப மின் திட்டம்தான் இந்த நிலநடுக்கத்தைத் தூண்டிவிட்டது என்றது அந்த அறிக்கை.

இன்று அதே அடிப்படை முறையில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 500 மெகாவாட் மின் நிலையம் எழுகிறது. பக்கத்து நெவாடா மாநிலத்தில் இந்த முறையில் வரும் மின்சாரத்துக்கு கூகுள் ஆதரவாக நிற்கிறது. இந்தியாவும் 2025 செப்டம்பரில் தனது முதல் தேசிய புவிவெப்ப ஆற்றல் கொள்கையை வெளியிட்டது. போஹாங்குக்கும் யூட்டாவுக்கும் நடுவில் என்னதான் மாறியது?

சூடு எல்லா இடத்திலும் இருக்கிறது, வழிதான் இல்லை

பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டர் இறங்கும்போதும் சராசரியாக 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடுகிறது. பூமி உருவானபோது மிச்சமான சூடு கொஞ்சம், பாறையில் இருக்கும் யுரேனியம், தோரியம் போன்ற கதிரியக்கத் தனிமங்கள் சிதையும்போது வரும் சூடு கொஞ்சம். ஆக, போதுமான ஆழம் போனால் உலகத்தில் எந்த ஊரிலும் கொதிக்கும் பாறை கிடைக்கும்.

பிரச்சினை, பாறை சூடாக இருந்தால் மட்டும் போதாது. அந்தச் சூட்டை மேலே தூக்கிவர தண்ணீர் வேண்டும். தண்ணீர் ஓட இடுக்கு வேண்டும். இந்த மூன்றையும் இயற்கையே சேர்த்துக் கொடுத்த இடங்கள் குறைவு. ஐஸ்லாந்து, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், கென்யா எல்லாம் அந்த அதிர்ஷ்டக்கார நாடுகள். இத்தாலியின் லார்தெரெல்லோவில் 1904-லேயே நிலத்திலிருந்து வந்த நீராவியை வைத்து ஐந்து பல்புகளை எரிய வைத்துக் காட்டினார்கள். திருகோணமலைப் பக்கம் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனவர்களுக்கு இது இன்னும் எளிதாகப் புரியும். அங்கே எரிமலை எதுவும் இல்லை. மழைநீர் பாறைப் பிளவு வழியாக ஆழத்துக்கு இறங்கி, சூடேறி, வேறொரு பிளவு வழியாக மேலே வருகிறது, அவ்வளவுதான்.

மற்ற இடங்களில் பாறை சூடாக இருக்கும், ஆனால் இறுகிப்போய் வறண்டு கிடக்கும். அந்தப் பாறையில் மனிதனே பிளவை உண்டாக்கி, மனிதனே தண்ணீரையும் ஊற்றினால் என்ன? இந்த யோசனைக்குத்தான் ‘மேம்படுத்தப்பட்ட புவிவெப்ப அமைப்பு’ என்று பெயர். சுருக்கமாக இ.ஜி.எஸ்.

முதலில் ஒரு கிணறு தோண்டுகிறார்கள். இரண்டு, மூன்று, சில இடங்களில் ஐந்து கிலோமீட்டர் ஆழம். அதில் மிக அதிக அழுத்தத்தில் தண்ணீரைச் செலுத்தினால் பாறையில் ஏற்கெனவே இருக்கும் மயிரிழை விரிசல்கள் திறக்கும், புது விரிசல்களும் விழும். அந்த விரிசல் வலைக்குள் போய் முட்டுகிற மாதிரி இரண்டாவது கிணறு. ஒன்றில் குளிர்ந்த தண்ணீர் இறங்கும், பாறை இடுக்குகளில் ஓடி சூடாகும், மற்றொன்றில் மேலே வரும். மேலே வந்த வெந்நீர், குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகும் வேறொரு திரவத்தைச் சூடாக்கும். அந்த ஆவிதான் டர்பைனைச் சுழற்றும். சூட்டை இழந்த தண்ணீர் திரும்பவும் கீழே போகும்.

வறண்ட போர்வெல்லில் அழுத்தமாகத் தண்ணீர் செலுத்தி ஊற்றுக்கண்ணைத் திறந்துவிடும் வேலையை நம்ம ஊர் பாறைப் பகுதிகளில் பார்த்தவர்களுக்கு இதன் அடிப்படை பழகியதுதான். அங்கே சில நூறு அடி, இங்கே பல ஆயிரம் அடி.

‘அப்படியானால் இது டெல்டாவில் எதிர்த்தோமே, அந்த ஃபிராக்கிங்கா?’ என்ற கேள்வி வரும். கேள்வி நியாயமானது. பாறையைத் தண்ணீரால் பிளக்கும் வேலை இரண்டுக்கும் பொது. வெளியே எடுக்கும் பொருள் வேறு: ஷேல் கிணற்றிலிருந்து எரிவாயு வருகிறது, அதை எரித்தால் கார்பன், இங்கே வருவது வெறும் சூடு. ஆனால் பொதுவாக உள்ள அந்த ஒரு வேலையில்தான் நிலநடுக்கச் சிக்கலும் ஒளிந்திருக்கிறது.

பாறை சொன்ன பேச்சைக் கேட்காத 40 ஆண்டுகள்

இது புது ஐடியா இல்லை. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடம் 1970-களில் நியூ மெக்சிகோவின் ஃபென்டன் ஹில்லில் இதைத் தொடங்கியது. அணுகுண்டைச் செய்த அதே லாஸ் அலமோஸ்தான். அவர்களுக்கே பாறை தண்ணி காட்டியது. 1980-களில் இரண்டு கிணறுகளைத் தோண்டி, நடுவில் விரிசல் விழும் என்று கணக்குப் போட்டு, 2 கோடி லிட்டருக்கும் மேல் தண்ணீரைச் செலுத்தினார்கள். விரிசல் விழுந்தது, ஆனால் அவர்கள் நினைத்த திசையில் போகவில்லை. இரண்டு கிணறுகளும் இணையவே இல்லை. கடைசியில் விரிசல் போன பக்கத்தைத் தேடி ஒரு கிணற்றை மறுபடி தோண்ட வேண்டியதாயிற்று. 1990-களின் நடுவில் திட்டம் மூடப்பட்டது.

பிரான்ஸின் சூல்ட்ஸ் கிராமத்தில் 1987-ல் ஆரம்பித்த ஆய்வு, 5 கிலோமீட்டர் ஆழம் வரை போய், இருபது ஆண்டுகளுக்குப் பிறகு சுமார் ஒன்றரை மெகாவாட் நிலையமாக முடிந்தது. ஒரு காற்றாலையே அதைவிட அதிகம் தரும். ஆஸ்திரேலியாவின் கூப்பர் படுகையில் 4 கிலோமீட்டருக்குக் கீழே 240 டிகிரி பாறை கிடைத்தது. 2013-ல் 1 மெகாவாட் சோதனை நிலையமும் ஓடியது. ஆனால் மின்சாரம் வாங்கும் ஊர்கள் பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தன. கணக்கு கட்டுப்படியாகவில்லை, மூடிவிட்டார்கள்.

பாசெல் கொடுத்த முன்னெச்சரிக்கை

சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரம் இதை வேறு மாதிரி யோசித்தது. மின்சாரத்தைக் கம்பியில் எவ்வளவு தூரமும் அனுப்பலாம், வெந்நீரை அனுப்ப முடியாது. நகரத்து வீடுகளையும் சூடாக்க வேண்டுமென்றால் கிணறு நகரத்திலேயே இருக்க வேண்டும். அப்படித்தான் 2006 டிசம்பரில், நகரத்துக்குள்ளேயே 5 கிலோமீட்டர் ஆழக் கிணற்றில் தண்ணீர் செலுத்த ஆரம்பித்தார்கள். ஆறே நாளில், டிசம்பர் 8 அன்று, 3.4 அளவில் நிலம் அதிர்ந்தது.

யாரும் சாகவில்லை. சுவர்களில் கீறல் விழுந்தது, இழப்பீட்டு மனுக்கள் குவிந்தன. 3.4 என்பது பெரிய எண் இல்லைதான். ஆனால் 1356-ல் ஒரு பெரும் நிலநடுக்கத்தில் தரைமட்டமான ஊர் பாசெல். அந்த நினைவு உள்ள ஊரில் எண் பெரிசா சின்னதா என்று யாரும் பார்ப்பதில்லை. 2009-ல் திட்டம் அதிகாரபூர்வமாகக் கைவிடப்பட்டது.

தண்ணீர் எப்படி நிலத்தை ஆட்டுகிறது? பூமிக்குள் பாறைகள் ஏற்கெனவே இறுக்கத்தில் இருக்கின்றன. நிலவியலாளர்கள் ஃபால்ட் என்று சொல்லும் பிளவுக் கோடுகளின் இரண்டு பக்கமும் நகரத் துடித்துக்கொண்டிருக்கும். ஒன்றையொன்று அழுத்திப் பிடித்திருக்கும் உராய்வுதான் நிறுத்திவைத்திருக்கிறது. கனமான பீரோ தரையில் அசையாமல் நிற்பது மாதிரி. பீரோவை யாராவது லேசாக மேலே தூக்கிப் பிடித்தால், பக்கவாட்டில் ஒரு கை தள்ளினாலே நகர்ந்துவிடும். பிளவுக்குள் புகும் தண்ணீரின் அழுத்தம் அந்தத் தூக்கிப் பிடிக்கும் வேலையைச் செய்கிறது. தள்ளுவதற்கான விசை பூமியில் பல ஆயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்து காத்திருக்கிறது.

இந்தச் சின்னச் சின்ன நகர்வுகள் இல்லாமல் இ.ஜி.எஸ். வேலையே செய்யாது என்பதுதான் இதில் முரண். விரிசல் சற்றே வழுக்கினால்தான் அதன் இரண்டு பக்கங்களும் சரியாகப் பொருந்தாமல் இடுக்கு திறந்தே இருக்கும், தண்ணீர் ஓடும். யாரும் உணராத ஆயிரக்கணக்கான நுண் அதிர்வுகள் இந்தத் தொழிலின் அன்றாடம். அவற்றைக் கேட்டுத்தான் விரிசல் எங்கே போகிறது என்றே கண்டுபிடிக்கிறார்கள். அதிர்வே கூடாது என்று யாராலும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. பெரிய பிளவுக் கோட்டைத் தொடக் கூடாது என்பதுதான் உண்மையான நிபந்தனை.

போஹாங்கில் எது தவறியது?

பாசெலுக்குப் பிறகு உலகம் ஒரு பாடம் கற்றதாக நினைத்தது. டிராஃபிக் சிக்னல் முறை என்று ஒன்று இருக்கிறது. அதிர்வு சிறியதாக இருந்தால் பச்சை, தொடரலாம். கொஞ்சம் கூடினால் மஞ்சள், அழுத்தத்தைக் குறை. இன்னும் கூடினால் சிவப்பு, நிறுத்து. போஹாங்கிலும் இந்த முறை இருந்தது.

அங்கே இரண்டு கிணறுகள், 4 கிலோமீட்டருக்கும் சற்று அதிக ஆழம். ஒரு கிணற்றைத் துளையிடும்போதே சுமார் 3.8 கிலோமீட்டர் ஆழத்தில் துளைக்குள் விடும் சேற்றுக் குழம்பு பெருமளவு காணாமல் போனது. போர் போடுபவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், விட்டது திரும்பி வரவில்லை என்றால் கீழே ஏதோ பெரிய இடுக்கு இருக்கிறது என்று அர்த்தம். பின்னாளில் ஆய்வுக் குழு அதைத்தான் சுட்டிக்காட்டியது: கிணறு ஒரு பிளவுக் கோட்டையே ஊடுருவிப் போயிருக்கிறது.

2016 தொடக்கத்திலிருந்து 2017 செப்டம்பர் வரை ஐந்து முறை தண்ணீர் செலுத்தினார்கள். 2017 ஏப்ரலில் 3-க்கு மேல் ஒரு அதிர்வு வந்தது. அப்போதே வேலையை நிறுத்தி, ஆபத்தைப் புதிதாக மதிப்பிட்டிருக்க வேண்டும் என்று ஆய்வுக் குழுவோடு தொடர்புடைய விஞ்ஞானிகள் பின்னர் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். நடந்தது வேறு. சில மாதங்களில் பம்புகள் மறுபடி ஓடின. செப்டம்பரில் கடைசிச் சுற்று முடிந்தது. இரண்டு மாதம் கழித்து, பம்பே ஓடாத நேரத்தில், 5.4.

சிக்னல் முறை ஏன் காப்பாற்றவில்லை? அது இரண்டு நம்பிக்கைகளின் மேல் நின்றது. செலுத்தும் தண்ணீர் குறைவாக இருந்தால் வரும் அதிர்வும் சிறியதாகவே இருக்கும் என்பது ஒன்று. பம்பை நிறுத்தினால் ஆபத்தும் நின்றுவிடும் என்பது இன்னொன்று. போஹாங் இரண்டையும் உடைத்தது. அங்கே செலுத்திய தண்ணீரின் அளவை வைத்துப் பார்த்தால் இவ்வளவு பெரிய நிலநடுக்கம் வந்திருக்கவே கூடாது. தண்ணீர் வெறும் தீக்குச்சிதான். வெடிமருந்து பாறைக்குள் ஏற்கெனவே இருந்தது. தீக்குச்சியின் நீளத்தை அளந்து வெடி எவ்வளவு பெரிசு என்று சொல்ல முடியாது.

இதற்கு யார் பொறுப்பு என்பது இன்னொரு நீண்ட கதை. 2023 நவம்பரில் கீழமை நீதிமன்றம் வழக்குத் தொடுத்த மக்களுக்கு அரசு ஆளுக்கு 20 முதல் 30 லட்சம் வோன், அதாவது நம்ம பணத்தில் ஒன்றே கால் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை, கொடுக்க வேண்டும் என்றது. 2025 மே மாதம் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அதிகாரிகளின் அலட்சியம் போதுமான அளவு நிரூபிக்கப்படவில்லை என்பது அதன் நிலைப்பாடு. மனிதன் தூண்டிய நிலநடுக்கம் என்று அரசின் சொந்தக் குழுவே சொன்ன பிறகும், வழக்குத் தொடுத்தவர்களுக்கு நீதிமன்றத்தில் இழப்பீடு உறுதியில்லை. இந்தத் தொழில்நுட்பத்தின் பலவீனமான கண்ணி பாறையில் மட்டும் இல்லை, சட்டத்திலும் இருக்கிறது.

எண்ணெய்க்காரர்கள் கொண்டுவந்த வித்தை

மாற்றம் வந்தது யாரும் எதிர்பார்க்காத பக்கமிருந்து. அமெரிக்காவின் ஷேல் எண்ணெய்த் தொழில், கீழே போய் அப்படியே பக்கவாட்டில் திரும்பி ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் நேராகத் துளையிடும் வித்தையைக் கரைத்துக் குடித்திருந்தது. அந்தத் தொழிலில் டிரில்லிங் இன்ஜினீயராக இருந்த டிம் லாட்டிமர், 2017-ல் ஜாக் நார்பெக் என்பவரோடு சேர்ந்து ஃபெர்வோ எனர்ஜி என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார்.

நெவாடாவில் அவர்கள் தோண்டிய இரண்டு கிணறுகளும் ஒன்றுக்கொன்று இணையாக, கிடைமட்டமாக ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஓடுகின்றன. பழைய முறையில் ஒரே இடத்தில் ஏராளமான தண்ணீரைத் தள்ளி ஒரு பெரிய விரிசல் மேகத்தை உண்டாக்குவார்கள். இதில் கிடைமட்டக் குழாயைச் சின்னச் சின்னப் பகுதிகளாக அடைத்து, ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியாகக் கொஞ்சம் கொஞ்சம் அழுத்தம் கொடுக்கிறார்கள். விரிசல்கள் ஏணிப்படிகள் மாதிரி ஒரு கிணற்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகின்றன. ஒரு பகுதி முரண்டு பிடித்தால் அதை மட்டும் மூடிவிடலாம்.

2023-ல் 30 நாள் சோதனையில் நொடிக்கு 63 லிட்டர் தண்ணீர் ஓடியது, 3.5 மெகாவாட் மின்சாரத்துக்குப் போதுமான அளவு அது. அந்த ஆண்டு நவம்பரில் மின்சாரம் கிரிடுக்குப் போக ஆரம்பித்தது. நாற்பது ஆண்டு முயற்சிகளோடு ஒப்பிட்டால் இது பெரிய தாவல். யூட்டாவின் பீவர் கவுன்டியில் கட்டப்படும் அவர்களது அடுத்த திட்டத்தில் 2026-ல் 100 மெகாவாட், 2028-க்குள் மேலும் 400 மெகாவாட் என்பது இலக்கு. அங்கே ஒரு கிணற்றின் செலவு 94 லட்சம் டாலரிலிருந்து 48 லட்சமாகக் குறைந்துவிட்டதாக நிறுவனம் சொல்கிறது. கருங்கல்லைச் சீக்கிரம் குடையும் வைர முனை டிரில் பிட்டுகளுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. அதே வட்டாரத்தில் அமெரிக்க அரசுப் பணத்தில் நடக்கும் ‘ஃபோர்ஜ்’ ஆய்வு மையம் அந்த அனுபவத்தை எல்லோருக்கும் திறந்து வைத்தது.

கூகுள் ஏன் இதில்? டேட்டா சென்டருக்கு ராத்திரி பகல் கிடையாது. சோலார் சாயங்காலம் கைவிடும், காற்று பருவம் பார்க்கும். பாறைச் சூடு 24 மணி நேரமும் ஒரே மாதிரி. சர்வதேச எரிசக்தி முகமை 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கைப்படி, உலக எரிசக்தித் தேவையில் புவிவெப்பத்தின் பங்கு இன்று 1 சதவீதத்துக்கும் கீழே. ஆனால் 2050-க்குள் 800 ஜிகாவாட் வரை போக வாய்ப்பிருக்கிறது என்கிறது அதே அறிக்கை.

கைதட்டுவதற்கு முன் இரண்டு விஷயம். பாறை சூட்டை மெதுவாகத்தான் கடத்தும்; தண்ணீர் உறிஞ்சும் வேகத்துக்கு ஈடுகொடுக்காவிட்டால் கிணறு வருஷத்துக்கு வருஷம் குளிர்ந்துகொண்டே போகும். 2023-ல் ஓட ஆரம்பித்த கிணறு 20 ஆண்டு தாங்குமா என்று தெரிய 20 ஆண்டு ஆகும், கம்ப்யூட்டர் மாடல் என்ன சொன்னாலும் சரி. இரண்டாவது, யூட்டா திட்டம் இருப்பது ஆள் நடமாட்டம் குறைந்த வறண்ட சமவெளியில். அங்கே 3.4 அளவில் அதிர்ந்தால் கீறல் விழ சுவர்கள் அதிகம் இல்லை. புதிய முறை ஆபத்தைக் குறைக்கிறது என்பதை நம்ப நல்ல காரணங்கள் உண்டு. ஆனால் நகரத்துக்குப் பக்கத்தில் அது இன்னும் பெரிய அளவில் சோதிக்கப்படவில்லை. சுவிட்சர்லாந்து, பாசெலின் பாடத்தை வைத்துக்கொண்டு, ஜூரா மாநிலத்தின் ஓட்-சோர்ன் என்ற இடத்தில் 2024-ல் மறுபடி 4 கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டிருக்கிறது. உள்ளூரில் எதிர்ப்பு இருந்தது, இருக்கிறது. யூட்டாவைவிட அந்தச் சின்னத் திட்டத்தின் முடிவுதான் மக்கள் நெருக்கமாக வாழும் நாடுகளுக்கு அதிகம் சொல்லும்.

இந்தியாவில்?

வணிகரீதியாக ஓடும் புவிவெப்ப மின் நிலையம் இந்தியாவில் 2025 வரை ஒன்றுகூட இல்லை. இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனம் நாட்டில் 381 வெப்ப இடங்களைப் பட்டியலிட்டிருக்கிறது. மொத்த வாய்ப்பு சுமார் 10,600 மெகாவாட் என்பது மதிப்பீடு. 2025 கொள்கை இ.ஜி.எஸ். முறையையும், கைவிடப்பட்ட எண்ணெய்க் கிணறுகளை மறுபடி பயன்படுத்துவதையும் சேர்த்தே பேசுகிறது. எண்ணெய்க் கிணறு யோசனை புத்திசாலித்தனமானது: புவிவெப்பத்தில் பெரிய செலவே துளைதான், அது ஏற்கெனவே இருக்கிறது.

கையில் இருக்கும் முக்கியத் திட்டம் லடாக்கின் புகா பள்ளத்தாக்கு. 2021 பிப்ரவரியில் ஓ.என்.ஜி.சி. ஒப்பந்தம் போட்டது, முதல் கட்டம் 1 மெகாவாட். கடல் மட்டத்திலிருந்து 14,000 அடிக்கு மேலே, வருஷத்தில் சில மாதம்தான் வேலை செய்ய முடியும். புகாவில் வெந்நீர் இயற்கையாகவே இருப்பதால் பாறையைப் பிளக்கத் தேவையில்லை. ஆனால் நாளை அங்கே கூடுதல் மின்சாரத்துக்காக ஆழத்துப் பாறையைத் திறக்க நினைத்தால், அது இரண்டு கண்டத் தட்டுகள் மோதும் இமயமலை வட்டாரம். பீரோவைப் பக்கவாட்டில் தள்ளும் கை அங்கே மிகப் பலமானது.

தமிழ்நாட்டில் இதைச் செய்யலாமா என்றால், இப்போதைக்குக் கணக்கு உதைக்கிறது. தென்னிந்தியாவின் பெரும் பகுதி பல நூறு கோடி ஆண்டு பழைய பாறை; பூமிக்குள்ளிருந்து மேலே வரும் வெப்ப ஓட்டம் இங்கே குறைவு. நெவாடாவில் இரண்டரை கிலோமீட்டருக்குள் கிடைத்த 190 டிகிரியை இங்கே தொட அதைவிடப் பல கிலோமீட்டர் கூடுதலாக இறங்க வேண்டும், ஆழம் கூடக் கூட துளையிடும் செலவு அதைவிட வேகமாக ஏறும். தீபகற்பத்தில் சூடு சற்று மேலே கிடைப்பது கோதாவரிப் படுகை, குஜராத்தின் காம்பே படுகை மாதிரியான சில இடங்களில்தான். காம்பேயில் ஏற்கெனவே தோண்டிய எண்ணெய்க் கிணறுகளும் நிறைய இருக்கின்றன.